ஆறு கை

காங்கேயம்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மணி,

"இருக்கிற காசுக்கு அந்த ஜந்துவின் ஒரு கையைத்தான் செய்ய முடியும் அப்பா, படத்தையே விட்டுவிடலாம் என்று இருக்கிறோம்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் எனக்குச் சரியாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஒரு கை போதும் கண்ணு. விட்டுவிடாதே.

வெள்ளகோவில் பக்கம் டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டராக இருந்தபோது ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. 1981 இருக்கும். பல ஊர் சுற்றித் தேய்ந்துபோன பிரிண்ட். ஏரிக்கடியிலிருந்து ஒரு ஜந்து எழுந்து வரும் கதை; பெயர் மறந்துவிட்டது. மதியம் ரீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ரப்பர் உடுப்பு, முதுகில் தையல் ஓடுவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அது முதன்முதலில் முழு உருவமாக எழுந்து நிற்கிற இடத்தில் ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்து கிடந்தன. அப்படியே ஓட்டினால் மெஷினில் சிக்கி கார்பன் விளக்கின் சூட்டில் பொசுங்கிவிடும். பிளேடால் வெட்டி, முனையைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டினேன். நாற்பது அடி போயிற்று. திரையில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அன்று இரவு மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது, தண்ணீரில் ஒரு சுழி, படகின் விளிம்பைப் பற்றுகிற நகம், ஓர் அலறல், பிறகு காலிப் படகு. கொட்டகையில் ஒரு பீடி நெருப்புகூட அசையவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒருவர் அதற்கு எருமைத் தலை என்றார். இன்னொருவர் உடும்பு வால் என்று சத்தியம் செய்தார். கடலை விற்கிற பாட்டி, "அதுக்குக் கண்ணே இல்லை சாமி, அதுதான் பயம்" என்றார். ஜந்துவை முழுசாகப் பார்த்தவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான். அவர்கள் பார்த்தது நான் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

உனக்கு எட்டு வயதில் ஒரு விடுமுறையில் டிவிடி போட்டோமே, 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ', ராட்சத ஆக்டோபஸ் சான்பிரான்சிஸ்கோ பாலத்தைப் பிடித்து இழுக்கிற படம்? நீ எழுந்து போய் டிவியில் விரல் வைத்து எண்ணினாய். "அப்பா, இதுக்கு ஆறு கைதான் இருக்குது" என்றாய். நான் நம்பாமல் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. 1955-இல் அதைச் செய்த ரே ஹாரிஹவுசனிடம் எட்டுக் கை செய்யப் பணம் இல்லை. அந்தப் பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இம்மியளவு நகர்த்தி நகர்த்திப் படம் பிடிக்க வேண்டும். திரையில் ஒரு விநாடி என்றால் 24 ஃபிரேம். இரண்டு கை குறைந்தால் எத்தனை நாள் உழைப்பு மிச்சமாகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். மிச்சத்தைத் தண்ணீருக்குள் மறைத்துவிட்டார். எத்தனையோ பேர் பார்த்த படம். எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எண்ணிவிட்டும் நீ பயந்துகொண்டு என் மடியில்தான் வந்து உட்கார்ந்தாய்.

1958-இல் வந்த 'தி பிளாப்' இன்னும் எளிமை. விண்கல்லிலிருந்து வெளிப்பட்டு ஆட்களை விழுங்கி வளர்கிற சிவப்புக் குழம்பு. சிலிக்கோனில் சாயம் கலந்து செய்தது. அது தியேட்டர் ஆபரேட்டர் அறைக்குள் புகுந்து ஆளைக் கொன்றுவிட்டு, படம் விழுகிற சின்ன ஜன்னல் வழியாகக் கூட்டத்தை நோக்கி வழிகிறது. அப்படியொரு ஜன்னலில் ஆறு வருடம் கண்ணை வைத்திருந்தவன் நான். எனக்கு அந்தக் காட்சியில் இன்றும் முதுகு சில்லிடுகிறது. அதைப் படம்பிடித்த ஃபீனிக்ஸ்வில் என்ற அமெரிக்க ஊரில் இப்போதும் வருடா வருடம் விழா எடுத்து, அதே தியேட்டரிலிருந்து ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

பேய்ப் படத்தைவிட இந்த வகை எனக்கு ஏன் பிடிக்கும் என்று நீ ஒருமுறை கேட்டாய். பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்க ஆள் உண்டு. இந்த ஜந்து யாரோ ஒரு மனிதன் செய்த காரியத்திலிருந்து பிறக்கிறது. அதற்கு யாரிடம் போய் மந்திரிப்பது? 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் காட்ஜில்லா என்ற ராட்சத ஜந்து திரைக்கு வந்தது. உன் கதையும் அப்படிப்பட்டதுதான். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. உன் அப்புச்சி காலத்தில் குடித்த ஆற்றில் அப்புறம் கால் நனைக்கவும் யோசித்தோம். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து வந்தால் இந்த ஊர்க்காரனுக்கு அது யாருடைய கை என்று விளக்க வேண்டியதில்லை. கதை தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டார் வேலை என்றும் நினைக்காதே. சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டியிருக்கிறேன். அதை நடத்திய திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்தவர். 1952-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'காடு' எடுத்தார். யானைகள் எதற்கோ மிரண்டு ஓடுகின்றன. எதற்கென்று தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த மாமூத் என்னும் சடை யானைகள். மாமூத்துக்கு எங்கே போவது? நம் யானைக்கே சடைமுடியைப் போர்த்திவிட்டார்கள். அந்த ஆனைகள் அதைச் சுமந்துகொண்டு நடந்ததை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். கையை மூன்று முறைக்கு மேல் காட்டாதே. முதல் முறை விரல் மட்டும். இரவில், ஈரமாக, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம். சத்தத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். காட்ஜில்லாவின் உறுமல், பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் கம்பியைத் தேய்த்து, அந்தப் படத்தின் இசையமைப்பாளர் இஃபுகுபே உண்டாக்கியது. நம் தோட்டத்துக் கிணற்றில் பழைய இரும்பு உருளை இன்னும் தொங்குகிறது. அதைச் சுற்றினால் வரும் கிறீச்சொலியைப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டுப் பார்.

உள்ளே அடைக்கத் தேங்காய் மஞ்சி இரண்டு மூட்டை சொல்லிவைத்திருக்கிறேன். மேல்தோலுக்குப் பனியன் கழிவுத் துணி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதன்மேல் ரப்பர் பால் நாலு பூச்சு பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும். தையல் வெளியே தெரிந்தால் தெரியட்டும். அம்மா இன்று சாயங்காலமே ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்துவிட்டாள். தோளிலிருந்து நுனி விரல் வரை எத்தனை அடி, விரல் நாலா ஐந்தா என்று கேட்கிறாள். உடனே எழுது.

அன்புடன்
அப்பா