கேட்டுக்கு வெளியே நிற்பவர்களைக் கேளுங்கள்

பூங்காக்களையும் காடுகளையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் என் அக்காவைச் சக்கர நாற்காலியில் ஒரு பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வாசலில் இரும்புச் சுழல்கதவு. வண்டிகள் நுழையக் கூடாதென்று வைத்ததாம். பக்கத்து கேட்டின் சாவி யாரிடம் என்று தேடிக் கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம். உள்ளே போனால் பத்தடியிலேயே ஜல்லிப் பாதை. முன்சக்கரங்கள் புதைந்து நின்றுவிட்டன. தூரத்து மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலாம், விடு" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூங்கா எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது என்பீர்கள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்பும் துப்புரவுத் தொழிலாளிக்கு அது எப்போது திறந்திருக்கிறது? கழிப்பறை இல்லாத இடத்தில் கைக்குழந்தைக்காரி எவ்வளவு நேரம் உட்கார முடியும்? இவற்றைவிடக் கொடியது காவலாளியின் பார்வை. அழுக்குச் சட்டைப் பையன்களிடம் மட்டும் "இங்கே என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டால் போதும், மறுபடி வரமாட்டார்கள். காடுகளில் இன்னும் மோசம். காட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் வெளியேற்றப்பட்ட பழங்குடியினர், தாங்கள் பிறந்த காட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டு நிற்கிறார்கள்.

மரமும் நிழலும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்ததற்கே அவ்வளவு.

படிப்படியாகச் செய்வோம் என்று தள்ளிப்போடாதீர்கள். 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே திறந்த மேடுகளில் நடக்கும் உரிமை சட்டமானது 2000இல். ஏறியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க இருந்திருப்பார்கள்? பசுமையான பொதுவெளி 2030க்குள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் வளர்ச்சி இலக்கிலேயே இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். அடுத்த திட்டத்துக்குக் கோடு போடுமுன், இதுவரை வராதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அன்றைய கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள். காவலுக்கும் வழிகாட்டும் வேலைக்கும் அவர்களிலிருந்தே ஆள் எடுங்கள். கூட்டத்தை அந்தப் பூங்காவிலேயே, வேலை முடிந்த மாலையில் வையுங்கள். அக்காவை அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தங்கை