‘நிர்வாகம் பொறுப்பல்ல’ பலகையைக் கழற்றுங்கள்

மலையகத்தில் தங்குவிடுதி, கடை, கலியாண மண்டபம் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நுவரெலியா முதல் எல்ல வரை பல வாசல்களில் ஒரு பலகை தொங்குகிறது: “இந்த வளவுக்குள் ஏற்படும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.” அதை எழுதியவருக்குக் கொடுத்த காசு வீண். ஒப்பந்தங்களில் நியாயமற்ற நியதிகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழில் நடத்துபவரின் கவலையீனத்தால் மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், அந்தப் பொறுப்பை ஓர் அறிவித்தலால் கைகழுவ முடியாது. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சடித்தாலும் அதே கதைதான். “ஈரத்தரை, கவனம்” என்ற பலகை வேறு வகை. அது எச்சரிக்கை என்பதால் வழக்கில் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் மாதக்கணக்கில் பாசி பிடித்த படிக்குப் பக்கத்தில் அதை நட்டு வைத்தால், ஆபத்து உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு நீங்களே தந்த சாட்சியாகிவிடும்.

வளவு வைத்திருப்போரின் பொறுப்புக்கென்று இங்கிலாந்தில் 1957இல் தனிச்சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இங்கே ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. உங்கள் இடத்தில் இருக்கும் நிதானமுள்ள ஒருவர் இந்தத் தீங்கை முன்கூட்டியே கண்டிருப்பாரா, கண்டிருந்தால் தடுக்க என்ன செய்திருப்பார், நீங்கள் அதைச் செய்தீர்களா என்று நீதிமன்றம் பார்க்கும். நிரூபிக்க வேண்டியது விழுந்து காயப்பட்டவர்தான். காணி உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, படியும் தரையும் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தன என்பதே முக்கியம். கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துபவர் “முதலாளியைக் கேளுங்கள்” என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் வளவின் குறுக்குப் பாதையால் பள்ளிப் பிள்ளைகள் தினமும் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால், “நான் அழைக்கவில்லையே” என்ற பேச்சும் முழுதாக எடுபடாது.

விழுந்தவர் ஓடிவந்தாரா, குடித்திருந்தாரா என்பதும் கணக்கில் வரும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவருடைய பங்குக் கவலையீனத்துக்கு ஏற்ப நட்டஈடு குறையும். குறையுமே தவிர, அதனால் மட்டும் வழக்கு அடியோடு போய்விடாது.

இனிப் படிக்கு வருவோம். மலையகக் கட்டடங்களில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான். படியின் உயரம் 6 முதல் 7 அங்குலம், கால் வைக்கும் மிதியின் அகலம் 10 அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு மூன்று படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அடுத்த படி அரை அங்குலம் மாறினாலே தடுக்கும். இந்த மாற்றம் எப்படி வருகிறது? பழைய சீமெந்துத் தளத்தின் மேல் பிறகு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சாந்தும் டைல்ஸும் சேர்ந்து தளத்தை ஓர் அங்குலமளவு உயர்த்திவிடும், கடைசிப் படி மட்டும் உயர்ந்து நிற்கும். மேசன் போன பிறகு அளவுகோலை எடுத்து ஒவ்வொரு படியையும் அளந்து பாருங்கள்.

கூடத்துக்கு வாங்கிய பளபளப்பு டைல்ஸில் மிஞ்சியதை வாசல் படிக்கு ஒட்டுவது நம் ஊரின் தீராத நோய். வழுவழுப்பான பரப்பில் தண்ணீர் மெல்லிய படலமாக நிற்கும். செருப்பின் அடி தரையைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் மிதக்கும். மழை படும் இடத்துக்கு சொரசொரப்பான, ஆர்11 (R11) என்ற வழுக்காத் தரமுள்ள டைல்ஸ் கேளுங்கள். சீமெந்தென்றால் மட்டப்பலகையால் மினுக்காமல், இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். விறாந்தைப் படிக்குச் சிவப்பு மெழுகுப் பொலிஷ் வேண்டவே வேண்டாம். அழகுதான், ஆனால் அட்டன் மழைக்கு அது ஆகாது.

தண்ணீர் வழிய அடிக்குக் கால் அங்குலச் சரிவு விடுங்கள். பீலி ஒழுகிப் படியில் சொட்டுகிறதா என்று மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். வெயில் படாத பக்கத்தில் பாசி திரும்பத் திரும்ப வரும். பிளீச்சிங் கரைசல் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். கலக்கவே கூடாது. நுவரெலியாவில் தை, மாசி விடியலில் துகள் பனி உறையும். அந்த நாட்களில் முதல் விருந்தாளி வெளியே வருமுன் யாராவது ஒருவர் படியைப் பார்த்தாக வேண்டும். கைப்பிடி 3 அடி உயரத்தில், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை அறாமல் போகட்டும்.

யார், எந்த நேரத்தில் பார்த்தார், என்ன செய்தார் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். வழக்கில் உங்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஒரே பேனையால் ஒரே நாளில் எழுதி நிரப்பிய கொப்பியைக் கண்டுபிடிக்கச் சட்டத்தரணிகளுக்கு அதிக நேரம் ஆகாது.

உங்கள் ஊழியர் விழுந்தால் சட்டம் வேறு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், உங்கள் பக்கம் தவறு இருந்ததென்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது வேலையால் நேர்ந்த விபத்து என்றால் போதும். 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம் வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்து, உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக்கியது.

யாராவது விழுந்துவிட்டால் அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். இடுப்பிலோ முதுகிலோ வலி என்றால் அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். இடத்தைக் கழுவுமுன் படம் எடுங்கள். கமராப் பதிவு தானாக அழியுமுன் பிரதி எடுத்து வையுங்கள். காப்புறுதி இருந்தால் உடனே அறிவியுங்கள். வழக்குத் தொடர விழுந்தவருக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி 2 ஆண்டுகள் உண்டு. அவர் சிறுவரானால் அந்தக் காலம் பராயமடைந்த பிறகே ஓடத் தொடங்கும். ஆகவே 2 ஆண்டு முடிந்ததென்று கொப்பியை அடுப்பில் போடாதீர்கள்.

ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருமுன் அந்தப் பலகையைக் கழற்றி, அது தொங்கிய சுவரிலேயே ஒரு கைப்பிடியைப் பொருத்துங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் சட்டமும் கட்டட வேலையும் செய்வோர் சிலர்