காத்துக்கு மேப்பு தெரியுமா?

பீடோர், பேராக், மலேசியா
தீபாவளிக்குப் பத்து நாள் முன்

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று என் மருமகள் சிரிக்கிறாள். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் முட்டிவலியைத் தாண்டிப் போவதே இல்லை, அது அவளுக்கு எங்கே தெரியும்?

முதலில் ஊர்ச் செய்தி. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண் தீபாவளிக்குப் பிறகு. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் பளிச்சென்று தெரிந்தது அடுப்படிச் சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்குதான். இத்தனை வருஷம் இதற்குள்ளா சமைத்தேன் என்று இருந்தது. கோவிந்தம்மா போன மாசம் தவறிவிட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்துவைத்தவள். நம் பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் போனேன். லயத்து வீடுகள் ஒன்றுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, வருஷத்துக்கு ஒரு தரம் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிறது. ஸ்டோர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன், உன் கேள்வி மனசில் இருந்ததால்.

உங்கள் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ்காரன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மரலிங்காவைப் பற்றிப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்கள், நீயும் கூட உட்கார்ந்து படித்தாய் என்று எழுதியிருந்தாய். "நம்ம தோட்டத்துல பொம்பளைங்க உரமூட்டையத் தொடமாட்டோம்னு நின்னாங்களே, அது இந்தக் குண்டாலதானா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சண்டையை மூட்டிவிட்டதே நீதான் என்பதை வசதியாக மறந்துவிட்டாய்!

1962. நமக்குப் பதினொரு வயசு. அமெரிக்காக்காரன் கிறிஸ்மஸ் தீவில் குண்டு வெடிக்கிறான் என்று கடை ரேடியோவில் அடிக்கடி சொன்னார்கள். அந்த ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் இருபதுக்கும் மேல் வெடித்தான். அப்போதுதான் மாட் டிரைவர் லோரியில் பாஸ்பேட் உரம் வந்து இறங்கியது. மூட்டை மேல் என்னவோ இங்கிலீஷில் போட்டிருக்கிறது, படி என்று என் அம்மா கேட்க, நீ ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாய். "கி-றி-ஸ்-ம-ஸ் தீவு." அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தையல் வழியாகக் கசிந்த தூள் அவள் கைலியிலும் முழங்கையிலும் படிந்திருந்தது. அதை அப்படியே குழாயடியில் போய்த் தேய்த்துக் கழுவினாள். சோப்பு போட்டு இரண்டு தரம்.

மறுநாள் ஆளெடுக்கிற காலைப் பெரட்டில் உரம் போடுகிற ஒன்பது பெண்களும் மூட்டையைத் தொடவில்லை. கங்காணி கத்தினார். பெரிய கிராணி வந்தார். "குண்டு போட்ட மண்ணு, தொடமாட்டோம்" என்று ஒரே பேச்சு. இந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்காத ஒன்றை நான் பார்த்தேன். மாட் டிரைவர் லோரியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாயில் வைத்த சுருட்டைப் பற்றவைக்கவே இல்லை. அவருடைய அண்ணன் அந்தத் தீவில்தான் பாஸ்பேட் வெட்டுகிற வேலைக்குப் போயிருந்தார்.

அப்புறம்தான் வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து உலகப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். லோரிப் பலகையில் மாட்டினார். ஒரு விரலை ஜாவாவுக்குக் கீழே வைத்தார். "நம்ம உரம் இங்கேருந்து வருது. குண்டு போடுற தீவு வேற. அது பசிபிக்குல, ஹவாய்க்குத் தெற்கே." அதைக் காட்ட இன்னொரு கையை நீட்டினார். படத்தின் அந்தக் கோடிக்கு எட்டவில்லை. இங்கே வைத்த விரலை எடுத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டியிருந்தது. பேர் ஒன்று, தீவு இரண்டு. நடுவில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மாட் டிரைவருக்கு உயிர் வந்தது, அன்றைக்கு எல்லாருக்கும் கோப்பி ஓ அவர் கணக்கு.

அம்மா மட்டும் விடவில்லை. "சரிங்க வாத்தியாரே, தீவு ரெண்டுதான். காத்துக்கு மேப்பு தெரியுமா?" வாத்தியார் பதில் சொல்லாமல் படத்தைச் சுருட்டினார். ஒன்பது பேருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டு. சாயங்காலம் அப்பா, "ஒனக்கு எதுக்குடி ஒலக விசயம்?" என்று சத்தம் போட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவந்தபோது அம்மா உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வேலைக்குச் சேர்ந்த பிறகு, பயிற்சியில் கதிர்வீச்சு பற்றிப் பாடம் எடுத்தார்கள். மற்றதை நானே தேடிப் படித்தேன். குண்டுத் தூள் ஒரே மாதிரி விழுவதில்லை, ருக்கு. கனமான துகள் சில மணி நேரத்தில், சில நூறு கிலோமீட்டருக்குள் கொட்டிவிடும். அதுதான் கொல்லுவது. அதைவிடச் சின்னது காற்றோடு போய், வெடித்த இடத்துக்கு நேர் கிழக்கு மேற்கில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே சில வாரத்தில் மழையில் இறங்கும். ஹைட்ரஜன் குண்டு இன்னும் மேலே, மழைமேகத்துக்கும் மேலே தூக்கி எறிவது வருஷக்கணக்கில் அங்கேயே தங்கி, மெல்ல மெல்ல உலகம் முழுக்க இறங்கும். அதிலும் பூமத்திய ரேகைப் பக்கம் குறைவு, குளிர் நாடுகளின் பக்கம்தான் அதிகம். அந்த வகையில் நாம் தப்பித்தவர்கள்தான். ஆனால் பசிபிக் கிறிஸ்மஸ் தீவு பூமத்திய ரேகைக்கு 2 பாகை வடக்கே, நம் பீடோர் 4 பாகை வடக்கே. கிட்டத்தட்ட ஒரே நிரையில் நிற்கிற இரண்டு மரம் மாதிரி. அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். அந்தக் குண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்கிற கதிரியக்கச் சரக்கு ஏகத்துக்கும் கூடியது. 1963 வாக்கில் வட பாதி உலகத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரம் காற்றிலிருந்துதானே கார்பன் எடுக்கிறது? அப்படியானால் அம்மா விடிகாலை வெட்டி மங்கில் வடிந்த ரப்பர் பாலிலும் அது இருந்திருக்கிறது. ஒட்டுப்பாலில், நம் சோற்றில், அப்போது வளர்ந்துகொண்டிருந்த நம் கடைசிக் கடவாய்ப் பல்லில். ஆளைக் கெடுக்கிற அளவு இல்லை, பயப்படாதே. எனக்கு அந்தப் பல்லை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். உனக்கு இருக்கிறதா?

உங்கள் அடிலெய்டு விஷயம் வேறு. 1956 அக்டோபர் 11-ல் மரலிங்காவில் விமானத்திலிருந்து போட்ட பிரிட்டிஷ் குண்டின் தூள் உங்கள் ஊர் வரைக்கும் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஹெட்லி மார்ஸ்டன். ஆடுமாட்டுத் தீனியை ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானி. நாட்டின் பல பக்கத்திலிருந்து ஆடுமாடுகளின் தைராய்டை வாங்கிப் பார்த்து, அதில் கதிரியக்க அயோடின் ஏறியிருப்பதைக் காட்டினார். புல்லில் விழுந்தது மாட்டுக்குள் போயிருக்கிறது. ஆபத்தே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கக் குழுவோடு மல்லுக்கட்டி, 1958-ல்தான் அவருடைய கட்டுரை வெளியே வந்தது. எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. அவளும் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் புல்லைத்தான் முகர்ந்து பார்ப்பாள்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த எலும்பு விஷயத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்ட்ரான்சியம்-90 சுண்ணாம்புச் சத்து மாதிரி எலும்பில் போய் உட்காரும். அதை அளப்பதற்காக 1957 முதல் 1978 வரை ஆஸ்திரேலியாவில் 22,000 பேர் அளவுக்கு இறந்தவர்களின் எலும்பை எடுத்தார்கள், பச்சைக்குழந்தைகள் உட்பட. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தம்பி ஒருத்தன் பத்து மாசத்தில் போனானே, ஆற்றோரம் புதைத்தோமே, நீகூட வந்தாய். அந்த இடத்திலும் இப்போது செம்பனைதான். அவனை யாரும் அளக்கவில்லை. நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்கே கோபம் வந்தது.

அளப்பது என்றதும் என் பேட்ஜ் கதையைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே அறையில் இருந்தவரைக்கும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம். உள்ளே சின்ன ஃபிலிம். மாசாமாசம் பாங்கி என்கிற ஊரில் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வரும். ஒரு மாசம் நான் கோட்டைக் கழற்றி அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டுப் பசியாறப் போய்விட்டேன், பேட்ஜோடு. அளவு எகிறிவிட்டது. மூன்று நாள் விசாரணை! எங்கே நின்றாய், எத்தனை படம் எடுத்தாய், ரத்தம் கொடு. கோட்டு வாங்கின கதிருக்கு நான் ஊசி குத்திக்கொண்டேன். அப்போது எரிச்சலாக இருந்தது.

பிறகு பசிபிக்கில் இருக்கிற ரொங்கெலாப் தீவைப் பற்றிப் படித்தேன். 1954 மார்ச் 1, அந்தப் பக்கத்துப் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டு 15 மெகாடன், அவர்கள் போட்ட கணக்குக்கு இரண்டரை மடங்கு. பவளப்பாறை பொடியாகி, வெந்த சுண்ணாம்பாகி, நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த தீவில் வெள்ளையாகக் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அன்று ராத்திரிக்குள் வாந்தி, உடம்பெல்லாம் எரிச்சல். கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போக இரண்டு நாள் ஆனது. அப்புறம் கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. 1957-ல் இனி பயமில்லை என்று மறுபடி அங்கேயே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வருஷாவருஷம் டாக்டர்கள் வந்து அளந்துகொண்டு போனார்கள். அளந்து யாருக்கு ஆகப்போகிறது? 1985-ல் அந்தச் சனங்களே தீவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தூளும் சுண்ணாம்புதான், எங்கள் மூட்டையில் இருந்ததிலும் நிறையச் சுண்ணாம்புச் சத்துதான். ஒன்றும் செய்யாத தூளைப் பார்த்து எங்கள் அம்மாக்கள் அரை நாள் சம்பளத்தை விட்டார்கள், அந்தப் பிள்ளைகள் நிஜத் தூளை முகத்தில் பூசிக்கொண்டன. மூட்டை மேலாவது ஒரு பேர் எழுதியிருந்தது.

வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். அதே 1962-ல் ராஜாஜி 83 வயசில் வாஷிங்டன் போய், இந்தச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார். அதை வகுப்பில் எங்களுக்குச் சொன்னபோது வாத்தியாரின் குரல் கம்மியது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டு, காற்றிலும் கடலிலும் வெடிப்பதை மூன்று பெரிய நாடுகள் நிறுத்தின. பிரான்சும் சீனாவும் நிறுத்தவில்லை, அது தனிக் கதை.

இப்போது நம் தாப்பா மலைப் பாதையில் மேலே போனால், கேமரன் மலையில் தானா ராத்தாவில் ஒரு நிலையம் இருக்கிறது, தெரியுமா? வியன்னாவிலிருந்து நடத்துகிற உலகக் கண்காணிப்பில் அதுவும் ஒன்று. ஒரு நாள் முழுக்க நம் மலைக்காற்றை இழுத்து ஒரு வடிகட்டியில் பிடிப்பார்கள். ஒரு நாள் அதைச் சும்மா வைப்பார்கள், காற்றில் இயல்பாகவே இருக்கிற கதிரியக்கம் அடங்குவதற்கு. மூன்றாம் நாள் அளப்பார்கள். எங்கோ ஒருவன் திருட்டுத்தனமாக வெடித்தாலும் தூள் காட்டிக்கொடுத்துவிடும். போன மாசம் மகன் ஸ்ட்ராபெரி வாங்க மேலே கூட்டிப்போனபோது அதைச் சொன்னேன். "அப்ப நம்ம காத்துக்கும் பேட்ஜ் குத்தியிருக்காங்கன்னு சொல்லுங்க" என்றான். பையன் பரவாயில்லை.

பேத்தியிடம் சொல்லு, மரலிங்கா என்று எழுதும்போது 1953-ல் ஈமு ஃபீல்டு குண்டுக்குப் பின் வந்த கறுப்புப் பனிமூட்டத்தையும் எழுதச் சொல். அந்தச் சமயத்தில் சின்னப் பையனாக இருந்து கண் பார்வை போன யாமி லெஸ்டர்தான் பிறகு ஊரறியப் பேசி, அரசாங்கத்தை விசாரணைக் கமிஷன் வைக்கப் பண்ணினவர்களில் முக்கியமானவர். இது அவள் புத்தகத்தில் இருந்தாலும் இருக்கும், நீ ஒரு தரம் பார்.

தங்கச்சி மகன் அடுத்த வாரம் அடிலெய்டு வருகிறான். முறுக்கும், அதிரசமும், மல்லித்தூள், மிளகாய்த்தூள், மீன்குழம்புத்தூள் மூன்றும் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஏர்போட்டில் தூள் என்றாலே பிரித்துக் கொட்டிப் பார்ப்பார்களாமே. அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் என்ன தூள், எந்த ஊர்த் தூள் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீ போய் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டு. உனக்கு அது புதிதா என்ன?

உன்,
பாக்கியம்