சனிக்கிழமை இலை வாரும் வேலை: பெற்றோர் கவனத்திற்கு

யூட்டா மாநிலம் லீஹை நகரத் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

நம் பகுதியில் தனியாக வசிக்கும் முதியவர்கள் வீட்டு முற்றங்களில் இலை வார, மார்மன் கிறிஸ்தவ சபை இளையோர் நம் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாள்: நவம்பர் 8, சனி, காலை 9 முதல் 11.30 வரை. ஞாயிறு சபையினருக்கு ஓய்வு நாள், அதனால் மறுநாளுக்கு மாற்றக் கேட்க வேண்டாம்.
இடம்: நாம் வழக்கமாகக் கூடும் பூங்கா.

1. வயது 12 முதல் 18 வரை.
2. கையுறை, தண்ணீர் பாட்டில் அவசியம். இலை வாரும் ரேக் இருந்தால் பிடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி அனுப்புங்கள்.
3. 'ஜஸ்ட்சர்வ்' செயலியில் பதிவு செய்யுங்கள். சபை நடத்தும் இலவசச் செயலிதான். ஆனால் எந்த மதத்தவரும் சேரலாம், அந்தப் பணிகளில் மதப் பிரசாரம் கூடாது. சிலர் தனியாகக் கேட்டதால் சொல்கிறேன்.
4. சிற்றுண்டி நம் பொறுப்பு. டீ, காபி வேண்டாம், அவர்கள் குடிப்பதில்லை. லெமனேடும் மசால் வடையும் போதும். மிளகாயைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்!
5. யாரும் பணம் கொடுத்தால் பிள்ளைகள் வாங்கக் கூடாது.

பிள்ளையின் பெயர், வயது, காரில் கூடுதல் இடம் உண்டா என்பதை வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிடவும். வடை சுட இரண்டு பேர் தேவை. பனி கொட்டினால் காலை 7 மணிக்குள் தெரிவிக்கிறேன்.