பொறுப்பைக் கொடுக்காமல் பொறுப்பு எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் பஸ் படிக்கட்டில் தொங்குவது, வகுப்பைக் கட் அடித்துவிட்டு சில்வர் பீச்சில் திரிவது, பேராசிரியர்களை மதிக்காமல் பேசுவது பற்றி உங்கள் இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். சிலர் செல்போன்தான் காரணம் என்கிறார்கள். சிலர் பள்ளிக்கூடத்தில் பிரம்பை எடுத்ததால் வந்த வினை என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கடலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேராசிரியர்கள் மாணவனை வகுப்பில் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இருந்த நாங்கள் அவனை அப்பா அம்மாவோடு சேர்த்துப் பார்த்தோம்.

அட்மிஷன் நாளில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து குடும்பமாக வருவார்கள். "உன் பேர் என்னப்பா?" என்று பையனைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். "எந்தப் பாடம் வேணும்?" என்றால் அப்பா சொல்வார். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அம்மாவின் கட்டைப்பையில் இருக்கும். "இவன் கையில குடுத்தா தொலைச்சிடுவான் மேடம்" என்று அவன் முன்னாலேயே சொல்வார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பதினேழு வயதுப் பிள்ளை! சொந்த சான்றிதழை நம்பி ஒப்படைக்காத பிள்ளையிடம் மறுநாளிலிருந்து முழுச் சுதந்திரத்தையும் கொடுத்து அனுப்புகிறோம்.

கல்லூரியில் மணி அடித்தால் உள்ளே போ என்று விரட்ட ஆளில்லை. வராவிட்டால் வீட்டுக்கு உடனே போன் போகாது. 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வெழுதலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் செமஸ்டர் நெருங்கி, பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் பல பேருக்கு உறைக்கும். அன்றைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான். அட்மிஷனுக்குப் பிறகு அந்த அப்பாவை நாங்கள் பார்ப்பதே அன்றைக்குத்தான். "காண்டனேஷன் கட்டினா சரியாயிடும் இல்லையா மேடம்?" என்பார். வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம் அது. மகன் இத்தனை நாள் எங்கே போனான் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். தனியார் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் நடத்தியது ஊரறிந்த விஷயம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதையும் அரசு 2017இல் நிறுத்தியது. ஆனால் பள்ளிகளின் மனசு மாறவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். நீதிபோதனை வகுப்பில் டெஸ்ட் எழுத வைக்கிறார்கள். ஹாஸ்டல் உள்ள பள்ளி என்றால் விடிவதற்கு முன் எழுப்பிப் படிக்க உட்கார வைத்து, இரவு பத்து மணிவரை ஒரு ஆள் பின்னாலேயே நிற்கிறார். எப்போது படிக்க வேண்டும், எப்போது விளையாட வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று எதையும் அந்தப் பிள்ளை தானாக முடிவு செய்ததில்லை. கல்லூரியில் மிக மோசமாகத் தடுமாறியவர்களில் இப்படி வந்த நல்ல மார்க் பிள்ளைகள் நிறைய. அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிரம்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் நண்பருக்கு ஒரு வார்த்தை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த காலத்தில் நானும் படித்தவள்தான். குழந்தையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அது நல்ல சட்டம். பிரம்புக்குப் பயந்து ஒழுங்காக இருப்பவன் பிரம்பு இருக்கும்வரைதான் ஒழுங்காக இருப்பான். கல்லூரியில் அது இல்லை என்பது அவனுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

வீட்டில் நடப்பதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஆண் கிளார்க்கிடம் "சார், சார்" என்று குழைந்து பேசும் பையன், தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும் துப்புரவுப் பணியாளரை, தன் பாட்டி வயதுள்ளவரை, "ஏய், தள்ளு" என்பான். இதை எந்தப் பேராசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் அப்பா என் மேஜைக்கு முன்னால் நின்று, ரேஷன் கார்டு நகல் எடுத்து வராத மனைவியை எல்லோர் எதிரிலும் "உன்னையெல்லாம் எவன் என் தலையில கட்டினான்" என்கிற தோரணையில் திட்டும்போது எனக்கு விடை கிடைத்துவிடும். சாப்பிட்ட தட்டைத் தங்கை எடுத்துக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவன், கூடப் படிக்கும் பெண்ணைக் கிண்டல் செய்வதைத் தப்பென்று எங்கே கற்றிருப்பான்?

தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமிருந்து வரும் மாணவிகள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அம்மா விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பிவிடுவார். இந்தப் பெண் சோறாக்கி, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வரும். உதவித்தொகை பற்றிக் கேட்க வந்தால் பேங்க் பாஸ்புக், விண்ணப்ப எண், அனுப்பிய தேதி எல்லாம் கையோடு கொண்டுவரும். கேட்பதை நேராகக் கேட்கும். அந்த வயதில் அவ்வளவு சுமை எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் பாதியை அண்ணனுக்கும் தம்பிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் இரண்டு பேருக்குமே நல்லதில்லையா?

ராகிங் விஷயத்தில் நம் மாவட்டம் மற்ற எவரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகள் வந்து, மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக உறுதிமொழி தர வேண்டும் என்றார்கள். நடப்பது என்ன? பிரவுசிங் சென்டரில் இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் எடுத்து வருகிறார்கள். அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டால் பையன் வெளியே போய்ச் சற்று நேரத்தில் கையெழுத்தோடு வருவான். அப்பா அப்போது நெய்வேலியில் வேலையில் இருப்பார். அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது. மகனை உட்கார வைத்து அதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டபோதும், 2015 வெள்ளத்திலும், படிக்கட்டில் தொங்குகிறவன் என்று நாம் திட்டிய பையன்கள் விழுந்த மரத்தை வெட்டினார்கள், இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தார்கள். 'இந்தத் தெரு உன் பொறுப்பு' என்று ஒருவர் நம்பிச் சொன்னார், செய்தார்கள். அந்த நம்பிக்கையை வீடும் பள்ளியும் புயல் இல்லாத நாளில் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து லீவ் லெட்டரைப் பிள்ளையே எழுதட்டும், காரணத்தையும் உண்மையாக எழுதட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி 2014இல் வழி செய்துவிட்டது. ஆனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் பலரின் ஏ.டி.எம். கார்டு அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் கொடுத்து, மாதக் கடைசியில் கணக்கு மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் வீணாகச் செலவழிப்பான். சரி, செலவழிக்கட்டும்.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியோடு பெற்றோர் கூட்டம் முடிந்துவிடக் கூடாது. முதல் செமஸ்டர் பாதியிலேயே, வருகை குறையும் முன்பே, ஒருமுறை பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். வேலை நாளில் வைத்தால் கூலிக்குப் போகிறவர்களும் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் வர மாட்டார்கள். ஞாயிறு காலையும் வேண்டாம், மீன் விற்கும் அம்மாக்களுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம் அதிகம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வையுங்கள், வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.