அவிசெ என்று கேட்டால் அகத்தி வரும்

குடியாத்தம்
புரட்டாசி

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. நாருக்காக ஆளி (flax) வளர்க்க, ஆந்திரப் பக்கம் பலமநேரில் "அவிசெ" கேட்டு அகத்தி விதையோடு திரும்பினாய் என்றாய். தெலுங்கில் ஆளி, அகத்தி இரண்டுக்கும் அதே பேர்தான். அடுத்த முறை "பொடி இடிக்கிற அவிசெ கிஞ்சலு, வறுக்காதது" என்று கேள். ஆளி எள்ளைவிடச் சற்றுப் பெரியது, தட்டை, பளபளக்கும் பழுப்பு; தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் வழவழக்கும். வறுத்தது முளைக்காது, அதனால் 20 விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிடு.

ஐந்து சென்ட்டில் விதையும் நாரும் சேர்த்து எடுக்க நினைக்காதே. விதை முற்றும்வரை விட்டால் நார் முரடாகி ஒடியும். கடையில் கிடைப்பது எண்ணெய் ரகம், கிளை விடும். நாருக்கென்றால் நெருக்கி விதைத்துக் கிளையை அடக்க வேண்டும்: இரண்டு, இரண்டரைக் கிலோ. விதைக்கு அரைக் கிலோ போதும். பெருமழை ஓய்ந்ததும் இரண்டு செ.மீ. ஆழத்தில் போடு. தண்ணீர் தேங்கினால் செடி போய்விடும்.

நீலப்பூ காலையில் விரிந்து உச்சிக்குள் இதழ் கொட்டும். பூத்து ஒரு மாதத்தில், தண்டின் அடிப்பகுதி மஞ்சளானதும், அறுக்காமல் வேரோடு பிடுங்கு. நார் வேர்வரை ஓடுகிறது. காய்ந்தபின் காயைச் சீப்பில் உருவிவிடு.

கெடுவதெல்லாம், நாரைப் பிரிக்கத் தண்டைத் தண்ணீரில் போடும் ஊறலில்தான். கட்டுகளைத் தொட்டியில் நிறுத்திக் கல் வைத்து அமுக்கு. நம் வெயிலுக்கு நான்கிலிருந்து ஏழு நாள். மூன்றாம் நாள் முதல் தினமும் இருமுறை ஒரு தண்டை எடுத்து உலர்த்தி ஒடித்துப் பார். உள்ளே இருக்கும் சக்கை முறிந்து உதிர்ந்து, நார் மட்டும் நீளமாகக் கழன்றால் அன்றைக்கே வெளியே எடு. முன்னால் எடுத்தால் சக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும், எத்தனை அடித்தாலும் போகாது. ஒரு நாள் தாமதித்தால் நாரைப் பிணைக்கும் பசையே கரைந்து, இழுத்தால் துண்டுதுண்டாக வரும். அந்த நாற்றத் தண்ணீரை ஏரியில் விடாதே, மீன் சாகும்.

நன்றாகக் காய்ந்தபின் கட்டையால் நொறுக்கி, சக்கை தட்டி, ஆணிச் சீப்பில் வார வேண்டும். நீளநார் நூலுக்கு, சிக்குநார் கயிற்றுக்கு. நூற்கும்போது விரலை நனைத்துக்கொள். ஈரத்தில்தான் இந்த நார் பலம்.

பச்சைச் செடியை மாட்டுக்குப் போடாதே, சயனைடு நஞ்சு உண்டு. கதவுக்கு ஆளி எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்து உலர்த்து.

பூ வந்ததும் எழுது. ஆணிச் சீப்பு அடித்து வைக்கிறேன்.

உன் அன்பு,
சேகர்