ரொறன்ரோ கஞ்சாவும் வெள்ளவத்தை மொட்டைமாடியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சான் பின்வளவில துணிப் பையில மண் போட்டு நாலு கஞ்சாச் செடி வளர்க்கிறார், அங்க 2018 ஒக்டோபர்ல இருந்து வீட்டுக்கு நாலு செடி சட்டப்படி சரி. முதல் வருஷம் ஓட்டை இல்லாத வாளியில வச்சு, ஆசையில ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தி வேர் அழுகிப்போச்சாம் (எங்கட அம்மா கறிவேப்பிலைக்குச் செய்த அதே வேலை!), இப்ப விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காஞ்சிருந்தாத்தான் தண்ணி. பகல் குறையத் தொடங்கினாப் பூக்குமாம்.

இதைக் கேட்ட எங்கட ஃபிளாட் பொடியன் ஒருத்தன் மொட்டைமாடியில தானும் போடவோ எண்டு கேக்கிறான்! இலங்கையில ஒரு செடி எண்டாலும் குற்றம் தம்பி எண்டு சொன்னா நம்புறானில்ல. வெளிநாட்டுக் கஞ்சாச் செய்தி போடேக்க இந்த வரியையும் சேர்த்துப் போடுங்கோ ஐயா. அவனுக்கு இப்போதைக்கு ரெண்டு மிளகாய்க் கண்டு குடுத்திருக்கிறன்.

– வெள்ளவத்தை வாசகி